ஓர் அச்சு, ஊருக்கெல்லாம் சிஸ்டம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விருத்தாசலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என்னிடம் அதன் பிறகு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அகல் விளக்குப் பட்டறைக்காரர் கேட்கிறார், ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்கிறார், டியூஷன் எடுக்கும் டீச்சர் கேட்கிறார்: “இந்த சிஸ்டத்தை இனிமே தூக்கித்தான் போடணுமாம்மா?”

விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் இருக்க வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் கணக்கு எழுதும் மேசை மேல் இருக்கும் மெஷின்கள் பல அதற்கு முந்தியவை. மதர்போர்டில் கோளாறு இல்லை, மானிட்டர் பளிச்சென்று இருக்கிறது, ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும். காலாவதியானது ஓஎஸ் மட்டும்தான். அதற்காக மொத்த மெஷினையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பச் சொல்ல எனக்கு மனசு வராது. “வேண்டாம்ண்ணே, லினக்ஸ் போட்டுக்கலாம்” என்பதுதான் என் பதில்.

லினக்ஸ் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை அமைக்க வேண்டும். எழுத்துருக்கள் போட வேண்டும். பிரிண்டருக்கு டிரைவர் தேட வேண்டும். லிப்ரே ஆபீஸில் பில் படிவமும் ஸ்டாக் கணக்கும் வைக்க வேண்டும். மெனு, தேதி, பிழைத்திருத்தி எல்லாம் தமிழில் வர வேண்டும். இதை ஒவ்வொரு மெஷின் முன்னாலும் உட்கார்ந்து செய்தால் ஒரு பகல் போய்விடும். அதனால் நான் எல்லாவற்றையும் ஒரே ஒரு இடத்தில், பொறுமையாக, நேர்த்தியாக அமைத்துவைக்கிறேன். பிறகு அதை ஒரு பென்டிரைவில் ஏற்றுகிறேன். அந்தப் பென்டிரைவை எந்த மெஷினில் செருகினாலும் சிஸ்டம் நேராக ஓடும். பிடித்திருந்தால் அதிலிருந்தே இன்ஸ்டாலும் செய்துகொள்ளலாம்.

இதற்கு ‘லைவ் இன்ஸ்டால் மீடியா’ என்று பெயர். ஏதோ பெரிய கம்பெனிகள் மட்டும் செய்யும் வித்தை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுமை உள்ள யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய கைவேலை இது. இதில் நகல் எடுப்பது சின்ன வேலை. ஒரு மெஷினுக்கு மட்டும் சொந்தமானதை எடுத்துவிட்டு, எந்த மெஷினுக்கும் வேண்டியதைச் சேர்ப்பதுதான் பெரிய வேலை. அதை எப்படிச் செய்வது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

நான் சிஸ்டத்தை அமைக்கும் ‘ஒரே இடம்’ நிஜமான மெஷின் கிடையாது. அது மெய்நிகர் இயந்திரம். புழக்கத்தில் விர்ச்சுவல் மெஷின். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு மென்பொருள் இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கிக் காட்டுகிறது. அதற்கென்று பிராசஸர் பங்கு, ரேம், திரை, நெட்வொர்க் எல்லாம் உண்டு. உள்ளே ஓடும் ஓஎஸ்ஸுக்குத் தான் ஒரு ஜன்னலுக்குள் ஓடுகிறோம் என்பது பெரும்பாலும் பொருட்டே இல்லை.

சாதாரண மேசைக் கணினியில் இதை முதலில் பரவலாக்கியது 1999-இல் வந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன். 2003-இல் ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் கியூஎம்யூ என்ற கட்டற்ற மென்பொருளை வெளியிட்டார். 2007-இல் இன்னோடெக் என்ற ஜெர்மானிய நிறுவனம் வெளியிட்ட விர்ச்சுவல்பாக்ஸ் சன் கைக்குப் போய், 2010-இல் ஆரக்கிள் கைக்கு வந்தது. நான் பயன்படுத்துவது விர்ச்சுவல்பாக்ஸும் கியூஎம்யூவும். இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், அந்த உள் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் முழுவதும் வெளியே ஒரே ஒரு கோப்பாக இருக்கிறது என்பதுதான். அந்தக் கோப்புக்கு டிஸ்க் இமேஜ் என்று பெயர். விர்ச்சுவல்பாக்ஸ் அதை விடிஐ என்ற வடிவில் வைக்கும். விஎம்வேர் விஎம்டிகே என்றும், மைக்ரோசாஃப்ட் விஎச்டி, விஎச்டிஎக்ஸ் என்றும், கியூஎம்யூ கியூகவ்2 என்றும் வைக்கும். உள்ளே 25 ஜிபி டிஸ்க் என்று காட்டினாலும், எழுதிய அளவுக்குத்தான் கோப்பு வளரும். 9 ஜிபிக்கு எழுதியிருந்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் வெளியே இடம் பிடிக்கும்.

வேலையை இங்கே செய்வதில் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்துவைக்கலாம். அடுத்த கட்டம் கெட்டுப்போனால் ஒரு சொடுக்கில் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம். நிஜ மெஷினில் இந்தச் சலுகை அவ்வளவு எளிதில் கிடைக்காது.

அப்பாவின் பிளாஸ்டர் அச்சு

என் அப்பா பிளாஸ்டர் அச்சு செய்தவர். பழமலைநாதர் கோயிலுக்கும் ரயில்வே ஜங்ஷனுக்கும் அடுத்தபடியாக விருத்தாசலத்துக்குப் பெயர் வாங்கித்தந்தது பீங்கான்தான். நெய்வேலியில் நிலக்கரி வெட்டும்போது கூடவே கிடைக்கும் வெண்களிமண் பக்கத்திலேயே இருக்கிறது. செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ சொல்லித்தரும் அரசு நிறுவனம் ஊரிலேயே இருக்கிறது. தொழிற்பேட்டையில் பொம்மை, அகல் விளக்கு, கோப்பை, ஃபியூஸ் கட்டை என்று எல்லாம் சுட்டெடுக்கிறார்கள்.

ஒரு பொம்மை செய்வதென்றால் அப்பா முதலில் ஒரே ஒரு மூல உருவத்தைச் செதுக்குவார். அதன் மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார். அந்த முதல் அச்சைப் பட்டறைக்குக் கொடுக்க மாட்டார். அதிலிருந்து தாய் அச்சு எடுத்து, தாய் அச்சிலிருந்து வேலை அச்சுகள் எடுத்துக் கொடுப்பார். களிமண் கூழை வேலை அச்சில் ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரமெல்லாம் மண் படிந்து சுவர் கட்டியதும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். ஊற்றி ஊற்றி வேலை அச்சு தேய்ந்துபோனால் தாய் அச்சிலிருந்து புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் அப்பா அதிக நேரம் செலவழித்தது பிளாஸ்டர் ஊற்றுவதில் இல்லை. ஊற்றுவதற்கு முன்னால் மூல உருவத்தைத் துடைத்துச் சரிபார்ப்பதில்தான். அதில் ஒரு கைரேகை ஒட்டியிருந்தால் வெளியே வரும் ஒவ்வொரு பொம்மையிலும் அந்தக் கைரேகை இருக்கும். அச்சிலிருந்து கழன்று வராத குடைவு ஒன்று இருந்தால் ஒரு பொம்மைகூட முழுசாக வராது.

நான் செய்யும் வேலையும் அதே வரிசையில்தான் போகிறது. விர்ச்சுவல் மெஷினில் அமைத்த சிஸ்டம் மூல உருவம். அதிலிருந்து தயாராகும் ஐஎஸ்ஓ கோப்பு தாய் அச்சு. பென்டிரைவ்கள் வேலை அச்சுகள்.

அப்படியே எழுதிவிட்டால் என்ன?

கடைக்கு வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்கள் முதலில் கேட்பது இதைத்தான். “டிஸ்க் முழுக்க ஒரே கோப்பா இருக்குல்லக்கா, அப்படியே பென்டிரைவ்ல எழுதிடலாமே?”

எழுதலாம். கியூஎம்யூவோடு வரும் கியூஎம்யூ-இமேஜ் என்ற கருவியிடம் ‘கன்வெர்ட்’ என்று சொன்னால், விடிஐ, விஎம்டிகே, கியூகவ்2 எதுவாக இருந்தாலும் ‘ரா’ என்ற வடிவத்துக்கு மாற்றித் தரும். ரா என்றால் டிஸ்கில் முதல் பைட் முதல் கடைசி பைட் வரை என்ன இருக்கிறதோ அதே வரிசையில் இருப்பது. அதை டிடி கட்டளையாலோ பலீனா எட்சராலோ பென்டிரைவில் எழுதிவிடலாம். ஒரு விர்ச்சுவல் மெஷினை ஒரே ஒரு குறிப்பிட்ட நிஜ மெஷினுக்கு இடம் மாற்றுவதென்றால் இந்த வழி போதும்.

ஊருக்கெல்லாம் கொடுக்க இது ஆகாது. காரணங்கள் மூன்று.

முதலாவது, அளவு. 25 ஜிபி டிஸ்க் என்று சொல்லி உருவாக்கியிருந்தால் ரா வடிவமும் 25 ஜிபிதான். காலி இடத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். 16 ஜிபி பென்டிரைவில் ஏறாது.

இரண்டாவது, அழித்த கோப்புகள். நாம் ஒரு கோப்பை அழிக்கும்போது ஓஎஸ் பெரும்பாலும் அந்தக் கோப்பின் முகவரியைத்தான் மறக்கிறது. உள்ளடக்கம், அதன் மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரை டிஸ்கிலேயே கிடக்கும். பைட் பைட்டாக நகல் எடுத்தால் அதுவும் கூடவே போய்விடும். சோதனைக்காகத் திறந்து பார்த்து அழித்த ஆதார் ஸ்கேன், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் பென்டிரைவ் வாங்கிய அத்தனை பேர் கைக்கும் போகும். மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர் அவற்றைத் தோண்டி எடுத்துவிடலாம்.

மூன்றாவது, அந்த சிஸ்டத்துக்கு வெளியுலகம் தெரியாது. விர்ச்சுவல் மெஷின் காட்டும் டிஸ்க், திரை, நெட்வொர்க் கார்டு எல்லாம் மென்பொருள் போட்ட வேஷம். அதைப் பார்த்தே பழகிய சிஸ்டம் நிஜ மெஷினுக்கு வந்தால் தன் டிஸ்கையே கண்டுபிடிக்க முடியாமல் நிற்கலாம். கறுப்புத் திரையில் அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று மட்டும் காட்டிவிட்டுக் கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கும். மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று வாடிக்கையாளர் பயந்துவிடுவார்.

அதனால் டிஸ்கைப் பைட் பைட்டாக நகலெடுப்பதை விட்டுவிட்டு, டிஸ்கைத் திறந்து உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கியூஎம்யூ-என்பிடி என்ற கருவி இமேஜ் கோப்பை நிஜமான டிஸ்க் போலக் காட்டும். அதை ‘படிக்க மட்டும்’ என்ற நிபந்தனையோடு இணைத்து, கோப்புகளை ஆர்சிங்க் கட்டளையால் தனி அடைவுக்குக் கொண்டுவருகிறேன். இருக்கும் கோப்புகள் மட்டும்தான் வரும். அழித்தவை வராது, காலி இடமும் வராது. மேலே சொன்ன மூன்று சிக்கல்களில் இரண்டு இங்கேயே தீர்ந்தது.

எடுக்க வேண்டியவை

இனிமேல்தான் துடைக்கும் வேலை. நகலாக வந்த அடைவுக்குள் போய் அந்த மூல மெஷினுக்கு மட்டும் சொந்தமான எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்.

லினக்ஸ் மெஷின் ஒவ்வொன்றுக்கும் ‘மெஷின்-ஐடி’ என்று 32 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாளம் உண்டு. இன்ஸ்டால் ஆகும்போது தானாக உருவாவது. இதை அழிக்காமல் பத்து மெஷினுக்குப் போட்டால் பத்துக்கும் ஒரே அடையாளம். சில அமைப்புகளில் ரவுட்டரிடம் ஐபி முகவரி கேட்கும்போது இந்த ஐடியிலிருந்து பிறந்த எண்ணைத்தான் சொல்லும். ரவுட்டர் இரண்டு மெஷினையும் ஒன்றே என்று நினைத்து ஒரே முகவரியைக் கொடுக்கும். ஒன்று நெட்டில் இருந்தால் மற்றொன்று துண்டிக்கப்படும். லேபில் இப்படி நடந்தால் காரணம் கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும். அந்தக் கோப்பைக் காலியாக விட்டுவிட்டால் போதும். அடுத்த முறை பூட் ஆகும்போது அந்தந்த மெஷின் தனக்கென்று புதிய அடையாளம் உருவாக்கிக்கொள்ளும்.

தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையின் ரகசியச் சாவிகளும் இப்படித்தான். ஒரே சாவி எல்லா மெஷினிலும் இருந்தால், ஒரு மெஷினைக் கைப்பற்றியவர் மற்றதன் பெயரில் நடிக்கலாம். அவற்றை அழித்து, புதிதாக உருவாக ஏற்பாடு செய்ய வேண்டும். எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய மெய்நிகர் டிஸ்கின் எண் இருக்கும். அந்த வரிகளையும் நீக்க வேண்டும். திரையைப் பெரிதாக்க விர்ச்சுவல்பாக்ஸுக்காகப் போட்ட ‘கெஸ்ட் அடிஷன்ஸ்’ வெளியே தேவையில்லை.

பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், தேடல் வரலாறு, முனையத்தில் அடித்த கட்டளைகளின் பதிவு, சமீபத்தில் திறந்த கோப்புகளின் பட்டியல், பதிவுக் கோப்புகள், நான் உள்ளே நுழையப் பயன்படுத்திய பயனர் கணக்கு, எல்லாவற்றையும் எடுக்கிறேன். இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது என்று கடைப் பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். நம்மை நம்பி மெஷினைக் கொடுக்கிறார்கள். ஒருத்தர் தகவல் இன்னொருத்தர் வீட்டுக்குப் போனால் அந்த நம்பிக்கையைத் திரும்ப வாங்க முடியாது.

சேர்க்க வேண்டியவை

எடுத்த பிறகு சேர்ப்பது. மெஷின் விழித்தெழும் முதல் சில நொடிகளில் ‘கெர்னல்’ எனப்படும் லினக்ஸ் கருநிரலோடு ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற ஒரு சின்னத் தொகுப்பும் நினைவகத்துக்கு வரும். உண்மையான டிஸ்கைக் கண்டுபிடிக்கத் தேவையான டிரைவர்கள் அதில்தான் இருக்கின்றன. லினக்ஸ் குடும்பங்களில் டெபியன் வழக்கமாகப் பல வகை மெஷினுக்கும் வேண்டிய டிரைவர்களை அதில் வைக்கிறது. ஃபெடோராவோ அந்த ஒரு மெஷினுக்கு வேண்டியதை மட்டும் வைத்துச் சுருக்கிக்கொள்கிறது. மெய்நிகர் மெஷினில் சுருக்கினால் மெய்நிகர் டிஸ்குக்கான டிரைவர் மட்டும்தான் மிஞ்சும். அதனால் எல்லா டிரைவர்களையும் சேர்த்து இந்தத் தொகுப்பைப் புதிதாகக் கட்ட வேண்டும்.

அடுத்தது வைஃபை. விர்ச்சுவல் மெஷினில் வைஃபையே கிடையாது. வெளி மெஷினின் இணைப்பைக் கேபிள் வழி வந்தது என்று உள்ளே காட்டிவிடும். அதனால் இன்டெல், ரியல்டெக் வைஃபை சிப்களுக்குத் தேவையான ஃபர்ம்வேர் கோப்புகள் உள்ளே இல்லாமலே எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலத் தெரியும். லேப்டாப்பில் செருகிய பிறகுதான் வைஃபை வராதது தெரியவரும். டெபியனில் 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இந்த ஃபர்ம்வேர்களை அதிகாரபூர்வ இன்ஸ்டால் மீடியாவிலேயே சேர்த்துவிட்டார்கள். நாமே கட்டும் மீடியாவில் நாமே நினைவாகச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, லைவ் ஆக ஓடவைக்கும் பகுதி. டெபியனில் இதன் பெயர் லைவ்-பூட், உபுண்டுவில் காஸ்பர். நான்காவது, இன்ஸ்டாலர். நான் வைப்பது கலமாரஸ். எந்த லினக்ஸ் குடும்பத்துக்கும் பொருந்தும்படி 2014-இல் தொடங்கிய திட்டம் அது. திரையில் ஊர், விசைப்பலகை, டிஸ்க், பெயர் என்று வரிசையாகக் கேட்டு வேலையை முடித்துவிடும்.

அமுக்கிய கோப்பும் எழுதும் அடுக்கும்

துடைத்துச் சேர்த்த அடைவு முழுவதையும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற ஒரே கோப்பாக அமுக்குகிறோம். சாதாரண ஜிப் கோப்பை விரித்தால்தான் பயன்படுத்த முடியும். இதை விரிக்காமலே, கேட்ட பகுதியை மட்டும் அந்த நொடியில் பிரித்துப் படிக்கலாம். படிக்க மட்டும்தான், எழுத முடியாது. 2009-இல் வந்த 2.6.29 பதிப்பிலிருந்து லினக்ஸ் கருநிரலிலேயே இது இருக்கிறது.

அமுக்கிப் படிக்கும் இந்த யோசனையைப் பரவலாக்கியவர் ஜெர்மனியின் கிளவுஸ் க்னோப்பர். 2000-இல் அவர் வெளியிட்ட க்னோப்பிக்ஸ், அமுக்கும் முறையால் சுமார் 2 ஜிபி மென்பொருளை 700 எம்பி சிடியில் அடக்கிக் காட்டியது. ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே முழு டெஸ்க்டாப் வந்து நின்றதைப் பார்த்து அந்தக் காலத்தில் லினக்ஸுக்கு வந்தவர்கள் நிறைய.

எழுத முடியாத சிஸ்டத்தில் எப்படி வேலை செய்வது? அதற்குத்தான் ஓவர்லேஎஃப்எஸ். 2014 முதல் இதுவும் கருநிரலில் இருக்கிறது. கீழே படிக்க மட்டுமான ஸ்குவாஷ் கோப்பு. மேலே ரேமில் எழுதக்கூடிய ஓர் அடுக்கு. பயனருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே டிஸ்காகத் தெரியும். எதை மாற்றினாலும் மேலடுக்கில்தான் பதியும். மெஷினை அணைத்தால் மேலடுக்கு போய்விடும், கீழே இருப்பது அப்படியே இருக்கும். பத்து மாணவர்கள் தொட்டுவிட்டுப் போனாலும் அடுத்த முறை பூட் செய்தால் சிஸ்டம் புதிதாகவே வரும். செய்த வேலை நிலைக்க வேண்டுமென்றால் பென்டிரைவில் ‘பெர்சிஸ்டன்ஸ்’ என்று பெயரிட்ட ஒரு பகுதியை ஒதுக்கினால் மேலடுக்கு அங்கே பதிந்துகொள்ளும்.

இன்ஸ்டால் செய்யும்போது கலமாரஸ் இதே ஸ்குவாஷ் கோப்பை ஹார்ட் டிஸ்கில் விரித்து, புதிய எஃப்எஸ்டேப் எழுதி, பூட்லோடரை அமைத்துத் தருகிறது. பார்த்த சிஸ்டம்தான் இன்ஸ்டால் ஆகும். “காட்டுனது ஒண்ணு, போட்டது ஒண்ணு” என்று வாடிக்கையாளர் சொல்ல இடமே இல்லை.

எப்படி அமுக்குவது என்பதும் முக்கியம். எக்ஸ்இசட் முறையில் கோப்பு மிகச் சிறியதாகும். ஆனால் பழைய பிராசஸர் அதைப் பிரித்துப் படிக்கத் திணறும். இசட்ஸ்டாண்டர்ட் முறையில் கோப்பு சற்றுப் பெரியது, படிப்பது வேகம். எங்கள் ஊர் மெஷின்களுக்கு நான் இரண்டாவதைத்தான் எடுக்கிறேன். இன்னொன்று, அந்த ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் அதை வைக்க முடியாது.

மெஷின் கண்டுகொள்ளும் வழி

கோப்பு தயார். மெஷின் அதை பூட் செய்யத் தக்கதாக அடையாளம் காண வேண்டும். இதற்கு எக்ஸாரிஸோ என்ற கருவி கருநிரல், இனிட்ராம்எஃப்எஸ், ஸ்குவாஷ் கோப்பு, கிரப் பூட்லோடர் எல்லாவற்றையும் சேர்த்து ஐஎஸ்ஓ கோப்பாகக் கட்டுகிறது.

ஐஎஸ்ஓ வடிவம் சிடிக்காக வந்தது. அதன் விதிப்படி முதல் 32,768 பைட்டுகளை அந்த வடிவம் பயன்படுத்தாமல் விட்டுவைக்கிறது. அந்தக் காலி இடத்தில் ஹார்ட் டிஸ்குக்குரிய பூட் பதிவை எழுதிவைத்தால், அதே ஐஎஸ்ஓவைச் சிடியில் எழுதினாலும் பூட் ஆகும், பென்டிரைவில் எழுதினாலும் பூட் ஆகும். ஐஎஸ்ஓஹைப்ரிட் என்ற இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது சிஸ்லினக்ஸ் திட்டம். எழுதிவைத்த விதியில் இருந்த ஒரு காலி இடத்தை இவ்வளவு பேருக்குப் பயன்படச் செய்தவர்களை நினைத்தால் எனக்கு எப்போதும் மரியாதை வரும்.

பழைய மெஷின்கள் பயாஸ் வழியாக பூட் ஆகும். புதியவை யூஇஎஃப்ஐ வழியாக. யூஇஎஃப்ஐ மெஷின் பென்டிரைவில் ‘இஎஃப்ஐ’ அடைவுக்குள் ‘பூட்’ அடைவில் ‘பூட்எக்ஸ்64’ என்ற பெயருள்ள கோப்பைத் தேடும். இரண்டு வழிக்கும் வேண்டியதை ஐஎஸ்ஓவில் வைத்தால்தான் ஊரில் எல்லா மெஷினுக்கும் ஆகும். ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பு வசதி ஆன் ஆகியிருந்தால் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரலும் கையொப்பமுள்ள கிரப்பும் கருநிரலும் வேண்டும். டெபியன் 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து இவற்றைத் தருகிறது.

முதல் சோதனை விர்ச்சுவல்பாக்ஸிலேயே; இஎஃப்ஐ தேர்வை ஒரு முறை ஆஃப் செய்தும், ஒரு முறை ஆன் செய்தும் பூட் செய்கிறேன். பிறகு ஒரு பழைய டெஸ்க்டாப்பிலும் ஒரு லேப்டாப்பிலும். வைஃபை, சவுண்ட், பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு எல்லாம் பார்த்து, ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணையும் குறித்துவைத்த பிறகுதான் வெளியே கொடுப்பது.

எல்லாவற்றையும் கையால் செய்யத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம். எம்எக்ஸ் லினக்ஸில் வரும் எம்எக்ஸ் ஸ்னாப்ஷாட், விர்ச்சுவல் மெஷினுக்குள்ளேயே ஓடி, அந்த சிஸ்டத்தை நேராக லைவ் ஐஎஸ்ஓவாக மாற்றித் தரும். டெபியன் பக்கம் ரெஃப்ராக்டா ஸ்னாப்ஷாட், பெங்குவின்ஸ் எக்ஸ் என்ற கருவிகள் இருக்கின்றன. உபுண்டுவின் அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவையே திறந்து மாற்ற கியூபிக் உண்டு. தொடங்குகிறவர்கள் இவற்றில் ஒன்றில் தொடங்கலாம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான், பூட் ஆகாத ஒரு மெஷின் முன்னால் நிற்கும்போது எங்கே பார்ப்பது என்று தெரியும்.

விண்டோஸை இப்படிச் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். அதற்கு சிஸ்பிரெப் என்ற மைக்ரோசாஃப்ட் கருவி மெஷின் அடையாளங்களை நீக்கித் தரும். டிஸ்ம் என்ற கருவி அதை விம் கோப்பாக எடுக்கும். எடுத்ததை மற்ற மெஷின்களில் போட ஒவ்வொன்றுக்கும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் நகல் போட்டுக்கொடுப்பது சட்டப்படி குற்றம். நான் அதைச் செய்வதில்லை. லினக்ஸில் நகலெடுத்துப் பகிரும் உரிமையை உரிமமே கொடுக்கிறது. பகிரும்போது மூல நிரல் கிடைக்கும் வழியையும் சொல்ல வேண்டும். பெயரும் சின்னமும் வர்த்தக முத்திரையாக இருந்தால், மாற்றியமைத்ததை அதே பெயரில் பரப்பக் கூடாது. இந்தக் கடமைகளையும் மதித்தே ஆக வேண்டும்.

பக்கத்து மாநிலம் காட்டிய வழி

இது பெரிய அளவில் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் கேரளத்தைக் காட்டுவேன். அங்கே 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், பள்ளிகளுக்கென்றே லினக்ஸைத் தொகுத்து, மலையாளமும் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களும் சேர்த்து, ஆசிரியர்களே இன்ஸ்டால் செய்யும்படி கொடுத்தது. 2017-இல் அது கைட் என்ற அரசு நிறுவனமானது. 2019-இல் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்குக் கொண்டுபோனபோது, உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த நிறுவனம் கணக்குச் சொன்னது.

தமிழ்நாடும் இதில் பின்தங்கித் தொடங்கவில்லை. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலக வேலைகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளோடு 2007-இல் வந்தது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்த லேப்டாப்புகள் பல இன்றும் எங்கள் ஊர் வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. கணியம் இதழ் 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள்களைச் சொல்லித்தருகிறது. பக்கத்தில் விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள், அறிவு இருக்கிறது, மெஷின்களும் இருக்கின்றன. இவை மூன்றும் ஒவ்வோர் ஊரிலும் ஒரே மேசையில் சந்திக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேரளத்தின் தொகுப்பு கேரளத்துப் பள்ளிக்குப் பொருந்தும். விருத்தாசலத்து அகல் விளக்குப் பட்டறைக்கு என்ன வேண்டும் என்பது விருத்தாசலத்துக்காரருக்குத்தான் தெரியும். சூளையில் ஏற்றிய எண்ணிக்கை, சேதாரம், லாரிக்காரருக்கு எழுதும் செலான், கார்த்திகைக்கு முன்னால் வரும் ஆர்டர் ஆகியவற்றுக்கான படிவங்களை என் தொகுப்பில் வைத்திருக்கிறேன். மதுராந்தகத்தில் ஒருவர் செய்தால் நெல் கணக்கை வைப்பார், திருப்பூரில் செய்தால் பனியன் கணக்கை வைப்பார். ஊர் ஊருக்கு இப்படி ஒரு தொகுப்பு வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். உங்கள் தெருவில் இருக்கும் ஒரு தொழிலுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். விர்ச்சுவல் மெஷினில் அதை அமையுங்கள், துடையுங்கள், சேருங்கள், ஐஎஸ்ஓவாக்கிக் கையில் கொடுங்கள். கருநிரல், கோப்பு முறைமை, நெட்வொர்க், பாதுகாப்பு என்று நான்கு பாடப் புத்தகத்தில் படித்ததும் ஒரே வேலையில் கைக்கு வந்துவிடும். ஆசிரியர்களிடம் கேட்பது, லேபில் இதற்கென்று வாரத்தில் ஒரு மாலை ஒதுக்குங்கள் என்பதுதான். 16 ஜிபி பென்டிரைவும் ஓடும் நிலையில் ஒரு மெஷினும் இருந்தால் போதும். சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால், விருத்தாசலத்திலும் சுற்று வட்டாரத்திலும் எந்தப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் நான் வரத் தயார்.